ரெண்டு மிட்-ரேஞ்ச் போனை கம்பேர் பண்றது எப்படி: கேலக்ஸி ஏ36-ஐயும் நத்திங் 3ஏ-வையும் வச்சு முழு வழிகாட்டி

புதுசா போன் வாங்கப் போறவங்க முதல்ல என்ன பண்றாங்கன்னா, ரெண்டு போனோட ஸ்பெக் ஷீட்டையும் பக்கத்துல பக்கத்துல திறந்து வச்சுக்கிட்டு எதுல நம்பர் பெருசு எதுல சின்னதுன்னு பாத்துக்கிட்டே போறாங்க, பத்து வரி தாண்டறதுக்குள்ள குழம்பிப்போய் கடைசில கடைக்காரர் எடுத்துக் கொடுக்கறதை வாங்கிட்டு வந்துடறாங்க. ஸ்பெக் ஷீட்டை பாக்க வேண்டியதுதான், ஆனா அது அஞ்சாவது படியில வரணும். அதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய வேலை நாலு இருக்கு, அதை முடிச்சா பாதி ஸ்பெக்கை நீங்க படிக்கவே வேண்டியிருக்காது.

உதாரணத்துக்கு சாம்சங் கேலக்ஸி ஏ36 5ஜி-யையும் நத்திங்ங்கற கம்பெனியோட ஃபோன் 3ஏ-வையும் எடுத்துக்கலாம். ரெண்டும் 2025 மார்ச்ல வந்தது. வந்தப்ப ரெண்டுலயும் ஆண்ட்ராய்டு 15 இருந்துச்சு. ரெண்டுலயும் 120 ஹெர்ட்ஸ் அமோலெட் ஸ்க்ரீன், 5000 எம்ஏஹெச் பேட்டரி, 50 மெகாபிக்சல் மெயின் கேமரா. மேலோட்டமா பாத்தா ஒண்ணு மாதிரியே தெரியும், ஆனா வாங்குறவரோட தேவையைப் பொறுத்து முடிவு நேரெதிரா மாறும். நீங்க பாக்கறது வேற ஜோடின்னாலும் படி இதேதான்.

முன்னாடியே எடுத்து வச்சுக்க வேண்டியது

இப்ப கையில இருக்கற போன், ஒரு பேப்பர், உங்க ஊர் பின்கோடு, எந்தெந்த பேங்க் கார்டு வீட்ல இருக்குங்கற விவரம். ரெண்டு போனோட தகவலையும் கம்பெனியோட இந்தியா பக்கத்துல இருந்தே எடுங்க. ஏன்னா ஒரே பேர்ல வெளிநாட்டுல விக்கிற மாடல்ல ரேம், இ-சிம், நெட்வொர்க் பேண்ட் (சிக்னல் வர்ற அலைவரிசை) எல்லாம் வேற மாதிரி இருக்கலாம், தேடினா முதல்ல வந்து நிக்கறது பல சமயம் அந்த வெளிநாட்டு விவரமாத்தான் இருக்கும்.

1. பழைய போன்கிட்ட கேளுங்க

செட்டிங்ஸ்ல ஸ்டோரேஜ் போய் எத்தனை ஜிபி நிரம்பியிருக்குன்னு எழுதிக்கோங்க. செட்டிங்ஸ்லயே இருக்கற டிஜிட்டல் வெல்பீயிங்ல எந்த ஆப்ல எவ்வளவு நேரம் போகுதுன்னு பாருங்க. பேட்டரி பக்கத்துல எது சார்ஜை தின்னுதுன்னு பாருங்க. அப்புறம் ஒரே ஒரு கேள்வி: இந்தப் போனை ஏன் மாத்தறீங்க?

இதை முதல்ல வைக்கறதுக்குக் காரணம் இருக்கு. "எதுக்கு யூஸ் பண்ணுவீங்க"ன்னு கேட்டா எல்லாரும் கேமரா, கேமிங்னு சொல்வாங்க, டிஜிட்டல் வெல்பீயிங்கை திறந்தா வாட்ஸ்ஆப்பும் ரீல்ஸும்தான் முக்கால்வாசி நேரம் இருக்கும். அப்படி இருக்கறவருக்கு கேமிங் ஸ்கோர் எதுக்கு? ஸ்க்ரீனும் பேட்டரியும் ஸ்பீக்கரும்தான் அவரோட தேவை.

கடைசில பேப்பர்ல மூணே மூணு தேவை மட்டும் இருக்கணும், முக்கியத்துவ வரிசையில. நாலாவது எழுதணும்னு தோணுச்சுன்னா மூணுல ஒண்ணை அடிச்சுட்டு எழுதுங்க.

2. வெட்டு நிபந்தனைகள்

இது இல்லன்னா அந்தப் போனே வேண்டாம்னு சொல்ற மாதிரி சில விஷயம் ஒவ்வொருத்தருக்கும் இருக்கும். அதை இப்பவே பாத்துடணும், இல்லன்னா ஒரு வாரம் கேமரா கம்பேரிசன் எல்லாம் பாத்து முடிச்ச பிறகு "அட இதுல ஹெட்ஃபோன் ஓட்டையே இல்லையே"ன்னு நிப்பீங்க.

நம்ம ஜோடியில ரெண்டுலயுமே 3.5 எம்எம் ஜாக் கிடையாது, ரெண்டுலயுமே மெமரி கார்டு போட முடியாது. முந்தின மாடலான ஏ35-ல கார்டு ஸ்லாட் இருந்துச்சு, அதை நினைச்சுக்கிட்டு ஏ36 எடுக்கறவங்க ஏமாந்துடறாங்க.

நெட்வொர்க்கை அடுத்து பாருங்க. இந்தியாவுல 5ஜி-க்கு முக்கியமானது என்78 பேண்ட், ஜியோ கூடவே 700 மெகாஹெர்ட்ஸ்ல என்28-ம் ஓட்டுது. கட்டடத்துக்குள்ள சிக்னல் நுழையறதுக்கு இந்த 700 தான் கை கொடுக்கும். பிஎஸ்என்எல் சிம் வச்சிருக்கீங்கன்னா 4ஜி பேண்ட் 28-ம் பேண்ட் 1-ம் இருக்கான்னு பாருங்க. இந்தியாவுக்குன்னு விக்கிற போன்ல பெரும்பாலும் இதெல்லாம் இருக்கும், வெளிநாட்டுல இருந்து சொந்தக்காரங்க வாங்கிட்டு வர்ற போன்லதான் இடிக்கும்.

கால் ரெகார்டிங் வேணும்னா டயலர், அதாவது கால் பண்ற ஆப், எதுன்னு பாருங்க. கூகுளோட ஃபோன் ஆப் வர்ற போன்ல ரெகார்டு பட்டனை தொட்டதும் ரெகார்டு ஆகுதுன்னு எதிர்ல பேசறவங்களுக்கும் அறிவிப்பு கேக்கும். வியாபாரத்துல ஆர்டரை போன்லயே எடுக்கறவங்க நிறைய பேர் இதை வாங்கின பிறகுதான் கவனிக்கறாங்க.

சர்வீஸ் சென்டர் இதே படியிலதான் வரணும். கம்பெனி சைட்ல உங்க பின்கோடை போட்டுப் பாருங்க. தேனியிலயோ ராமநாதபுரத்துலயோ இருக்கீங்க, ஸ்க்ரீன் உடைஞ்சா மதுரைக்குப் போய் கொடுத்துட்டு மறுபடி ஒரு நாள் போய் வாங்கணும்னா அது செலவுதான். சென்டருக்கு ஒரு போன் போட்டு இந்த மாடலுக்கு டிஸ்ப்ளே மாத்த எவ்வளவு, ஸ்டாக் இருக்கா, எத்தனை நாள் ஆகும்னு கேளுங்க. வாங்கறதுக்கு முன்னாடி இதைக் கேக்கறவங்க ரொம்பக் கம்மி. கேட்டா முடிவே மாறிப் போறதும் உண்டு.

3. ஒரே வேரியன்ட்டை எதிரெதிர்ல நிறுத்துங்க

ஒண்ணோட 128 ஜிபி விலையையும் இன்னொண்ணோட 256 ஜிபி விலையையும் வச்சு "ரெண்டுக்கும் பெருசா வித்தியாசம் இல்லையே"ன்னு சொல்றது அடிக்கடி நடக்குற தப்பு. வெளியீட்டு விலையை பாருங்க: ஏ36-ல 8 ஜிபி ரேம், 128 ஜிபி 32,999 ரூபாய், 256 ஜிபி 35,999. நத்திங் 3ஏ-ல 128 ஜிபி 24,999, 256 ஜிபி 26,999. ஒண்ணுல 256-க்கு மாற 3,000 ரூபாய், இன்னொண்ணுல 2,000. இப்போ கடையில விலை வேறயா இருக்கும், வாங்கற அன்னைக்கு இருக்கற விலையை இதே மாதிரி நாலு கட்டமா எழுதிக்கோங்க.

முதல் படியில எழுதின ஸ்டோரேஜ் கணக்கு இங்க உதவும். இப்பவே 80 ஜிபி நிரம்பியிருந்தா 128 எடுக்காதீங்க, ஏன்னா சிஸ்டமே ஒரு பங்கை எடுத்துக்கும், கார்டும் போட முடியாது, ரெண்டாவது வருஷமே வாட்ஸ்ஆப் வீடியோவை அழிச்சுக்கிட்டு உக்காந்திருப்பீங்க.

"8 ஜிபி பிளஸ் 8 ஜிபி ரேம்"னு பெட்டியில போட்டிருந்தா அதை 16-ன்னு கணக்கு வைக்கக் கூடாது. ரெண்டாவது 8 ஸ்டோரேஜ்ல இருந்து கடன் வாங்கறது, அது நிஜ ரேமை விட ரொம்ப மெதுவு. கம்பேர் பண்ணும்போது முதல் நம்பரை மட்டும் எடுத்துக்கோங்க.

4. அப்டேட் எந்த வருஷம் முடியுதுன்னு தேதி போடுங்க

எத்தனை வருஷம் அப்டேட்னு பாக்கறது போதாது, எந்த வருஷம் முடியுதுன்னு எழுதணும். கணக்கு போன் வெளியான நாள்ல இருந்து ஓடுது, நீங்க வாங்கின நாள்ல இருந்து இல்ல. ஆஃபர்ல கிடைக்குதேன்னு ஒன்றரை வருஷம் பழைய மாடலை எடுத்தா ஒன்றரை வருஷ அப்டேட் ஏற்கனவே போயிடுச்சு.

ஏ36-க்கு 6 ஆண்ட்ராய்டு வெர்ஷன், 6 வருஷ செக்யூரிட்டி அப்டேட். நத்திங் 3ஏ-க்கு 3 ஆண்ட்ராய்டு வெர்ஷன், 6 வருஷ செக்யூரிட்டி. ரெண்டுக்கும் செக்யூரிட்டி ஏறத்தாழ 2031 மார்ச் வரைக்கும் வரும். வித்தியாசம் வெர்ஷன்ல: நத்திங் ஆண்ட்ராய்டு 18-ல நிக்கும், ஏ36 21 வரைக்கும் போகணும்.

பேங்க் ஆப்புக்கும் யுபிஐ-க்கும் முக்கியம் செக்யூரிட்டி அப்டேட், அதுல ரெண்டும் சமம். மூணு நாலு வருஷத்துல போன் மாத்தறவருக்கு அந்த கூடுதல் வெர்ஷனால பெரிய லாபம் இல்ல. அதுவே அப்பா அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்து ஆறு வருஷம் ஓடணும்னா ஏ36 பக்கம் கணிசமான பலம்.

5. இப்பதான் சிப்

சிப்புங்கறது போனோட மூளை. ஏ36-ல ஸ்னாப்டிராகன் 6 ஜென் 3, நத்திங்ல ஸ்னாப்டிராகன் 7எஸ் ஜென் 3. ஏழு ஆறை விட பெருசுன்னு இங்க சொன்னா சரியா வரும், ஆனா பேர்ல இருக்கற நம்பரை எப்பவும் நம்ப முடியாது. முன்னாடி வந்த 7எஸ் ஜென் 2 உள்ளுக்குள்ள 6 ஜென் 1-க்கு ரொம்ப கிட்டத்துல இருந்த சிப், பேர்தான் ஏழு.

அதனால பேரை விட்டுட்டு உள்ள என்ன கோர் (சிப்புக்குள்ள கணக்கு போடற பகுதி) இருக்குன்னு பாருங்க. 6 ஜென் 3-ல பெரிய கோர் கார்டெக்ஸ் ஏ78, 7எஸ் ஜென் 3-ல ஏ720. ஏ720 அதுக்குப் பிந்தின தலைமுறை. ரெண்டு சிப்பும் தயாரிக்கற முறையில 4 நானோமீட்டர்தான், அதுல வித்தியாசம் இல்ல. ஆக சிப்ல நத்திங் முன்னாடி, கேம் ஆடறவருக்கு இது தெரியும், வாட்ஸ்ஆப் மட்டும் பாக்கறவருக்கு முதல் ரெண்டு வருஷம் வித்தியாசமே தெரியாது.

போனோட வேகத்தை அளக்கற அன்டுடு ஆப்போட ஸ்கோர் பாக்கறீங்கன்னா ஆப்போட வெர்ஷன் ரெண்டுக்கும் ஒண்ணா இருக்கணும். பத்தாவது வெர்ஷன் ஸ்கோரையும் பதினொண்ணாவது வெர்ஷன் ஸ்கோரையும் பக்கத்துல வைக்கவே கூடாது. அதைவிட உருப்படியானது 3டி மார்க்ங்கற ஆப்போட ஸ்ட்ரெஸ் டெஸ்ட், ஒரே டெஸ்டை 20 தடவை தொடர்ச்சியா ஓட்டி கடைசில வேகம் எத்தனை சதவீதம் நிக்குதுன்னு சொல்லும். சூட்டுல போன் தூங்குதா இல்லையான்னு அதுலதான் தெரியும், நம்ம ஊர் மே மாசத்துக்கு அதுதான் தேவை.

6. ஸ்க்ரீன்: எந்த நிட்ஸ்னு கேளுங்க

நிட்ஸ்ங்கறது திரை வெளிச்சத்தோட அளவு. நத்திங் 3ஏ விளம்பரத்துல 3000 நிட்ஸ், ஏ36-ல 1900 நிட்ஸ். இதைப் பாத்துட்டு வெயில்ல ஒண்ணு இன்னொண்ணை விட ஒன்றரை மடங்கு பளிச்சுன்னு தெரியும்னு நினைப்பாங்க. அது பீக் அளவு, எச்டிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதலா பிரிச்சுக் காட்டற) வீடியோவுல திரையோட ஒரு சின்ன பகுதி மட்டும் கொஞ்ச நேரம் எட்டுற வெளிச்சம். பஸ் ஸ்டாண்டு வெயில்ல நின்னு மெசேஜ் படிக்கும்போது வேலை செய்யறது வெளிப்புற வெளிச்ச அளவு, அதுல நத்திங் சொல்றது 1300, சாம்சங் சொல்றது 1200. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

எந்த ஸ்பெக்ல பெரிய இடைவெளி தெரிஞ்சாலும் ரெண்டு கம்பெனியும் ஒரே விஷயத்தைத்தான் அளந்திருக்காங்களான்னு முதல்ல சரிபாருங்க.

கண்ணாடியைப் பொறுத்தவரை ஏ36-ல கொரில்லா கிளாஸ் விக்டஸ் பிளஸ், நத்திங்ல பாண்டா கிளாஸ். எதுவா இருந்தாலும் கேஸ் போட்டுத்தான் ஆகணும்.

தண்ணியைத் தாங்கற தரத்துல ஏ36 ஐபி67, அதாவது 1 மீட்டர் ஆழ நல்ல தண்ணில 30 நிமிஷம். நத்திங் ஐபி64, தெறிக்கற தண்ணிக்கு மட்டும். மழையில பைக் ஓட்டி டெலிவரி பண்றவருக்கு இது மேல வர வேண்டிய தேவை. ஆனா ஐபி67-ன்னு சொல்லி கடல் தண்ணில இறக்கிடாதீங்க, தண்ணி புகுந்தா பொதுவா வாரன்டி கிடையாது.

7. கேமரா

எத்தனை கேமராங்கறதை விட்டுட்டு ஒவ்வொண்ணும் எதுக்குன்னு பிரிச்சு எழுதுங்க. ரெண்டுலயும் ஓஐஎஸ் (கை நடுங்கினாலும் படம் கலங்காம காக்கற வசதி) உள்ள 50 மெகாபிக்சல் மெயினும் 8 மெகாபிக்சல் அல்ட்ரா வைடும் இருக்கு. மூணாவது கேமராதான் பிரியற இடம்: ஏ36-ல ரொம்பக் கிட்டத்துல எடுக்கற 5 மெகாபிக்சல் மேக்ரோ, நத்திங்ல 2 மடங்கு ஜூம் தர்ற 50 மெகாபிக்சல் டெலிஃபோட்டோ. மேக்ரோவை முதல் வாரத்துக்கு அப்புறம் யாரும் தொடறதில்ல. 2 மடங்கு ஜூம் அப்படி இல்ல, ஸ்கூல் ஆண்டு விழாவுல மேடையில நிக்கற பிள்ளையை எடுக்க, ஆளோட முகத்தை அழகா எடுக்க தினமும் உதவும்.

முன் கேமராவுல கதை மாறுது. நத்திங்ல 32 மெகாபிக்சல், ஏ36-ல 12. நம்பரை பாத்தா நத்திங் ஜெயிக்கற மாதிரி இருக்கும், ஆனா ஏ36-ல முன் கேமராவுலயே 4கே வீடியோ எடுக்கலாம், நத்திங் 3ஏ-ல முன் கேமரா அதை விட தெளிவு கம்மியான 1080பி-யோட நிக்குது. தன்னைத்தானே வீடியோ எடுத்துப் போடறவங்களுக்கு இது பெரிய விஷயம்.

50 மெகாபிக்சல்னு இருந்தாலும் சாதாரணமா வர்ற போட்டோ 12 மெகாபிக்சலை ஒட்டித்தான் இருக்கும், நாலு பிக்சலை சேத்து ஒண்ணாக்கறாங்க, இருட்டுல வெளிச்சம் கூட கிடைக்கறதுக்காக. அதனால மெகாபிக்சலை வச்சு முடிவெடுக்காம சாம்பிள் போட்டோவை பாருங்க, அதையும் ஒரே ஆள் ஒரே இடத்துல ஒரே நேரத்துல ரெண்டு போன்லயும் எடுத்ததா இருக்கணும். ஒருத்தர் ஊட்டில எடுத்ததையும் இன்னொருத்தர் சென்னைல எடுத்ததையும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.

பாக்க வேண்டியது நாலு சூழ்நிலை. ட்யூப்லைட் வெளிச்சத்துல முகம், ஓடற குழந்தை, பின்னாடி ஜன்னல் வெளிச்சம் வச்சு நிக்கற ஆள், ராத்திரி தெரு. நல்ல வெயில்ல எடுத்த பூ, கோபுரம் எல்லாம் விட்டுடுங்க, இந்த விலையில எல்லா போனும் அதை நல்லா எடுக்கும். முகத்தோட நிறத்தை முக்கியமா பாருங்க, மாநிற முகத்தை வெளுப்பாக்கற போனும் உண்டு, அப்படியே விடற போனும் உண்டு.

8. பேட்டரியும் சார்ஜரும்

ரெண்டும் 5000 எம்ஏஹெச்ங்கறதால ஒரே நேரம் நிக்கும்னு அர்த்தம் இல்ல, சிப்பும் ஸ்க்ரீனும் சாஃப்ட்வேரும் சேர்ந்துதான் அதை முடிவு பண்ணும். இதுக்கு நம்பர் எடுக்கும்போது ஒரே டெஸ்டர் ரெண்டையும் ஒரே முறையில டெஸ்ட் பண்ணினதை மட்டும் எடுங்க.

ஏ36 45 வாட், நத்திங் 3ஏ 50 வாட். ரெண்டு பெட்டியிலயும் சார்ஜர் வராது. பழைய 15 வாட் சார்ஜரையே சொருகினா அந்த வேகம் கிடைக்கவே கிடைக்காது. சாம்சங் 45 வாட்டுக்கு பிபிஎஸ் (தேவைக்கு ஏத்த மாதிரி மின்னழுத்தத்தை மாத்திக் கொடுக்கற வசதி) உள்ள சார்ஜரும் 5 ஆம்பியர் கேபிளும் வேணும், கேபிள் 3 ஆம்பியர்னா சார்ஜர் நல்லதா இருந்தும் வேகம் குறையும். சார்ஜர் விலையை போன் விலையோட சேத்து எழுதுங்க.

9. கையில இருந்து போற உண்மையான விலை

போன் விலை, சார்ஜர், கேஸ், திரை மேல ஒட்டற ஸ்க்ரீன் கார்டு எல்லாம் கூட்டுங்க. அதுல இருந்து உங்ககிட்ட நிஜமா இருக்கற பேங்க் கார்டோட ஆஃபரை மட்டும் கழிங்க.

நோ-காஸ்ட் இஎம்ஐ-ல கவனமா இருங்க. வட்டி அளவுக்கு விலையில தள்ளுபடி கொடுத்துட்டு பேங்க் வட்டியை வாங்கிக்கும், அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி உங்க தலையில, பிராசஸிங் ஃபீ தனி. எக்ஸ்சேஞ்சுக்கு சைட்ல காட்டறது அதிகபட்ச தொகை, உங்க பழைய மாடலையும் அதோட நிலைமையையும் போட்ட பிறகு வர்ற தொகையைத்தான் எழுதணும்.

விலையை இவ்வளவு தள்ளி வச்சதுக்குக் காரணம், முதல்லயே ஆஃபரை பாத்துட்டா மனசு அந்தப் போனுக்கு சாதகமா காரணம் தேட ஆரம்பிச்சுடும்.

10. கடையில போய் கையில எடுங்க

ஆன்லைன்ல வாங்கறதா இருந்தாலும் ஒரு தடவை கடையில பாத்துட்டு வாங்க. ஏ36 195 கிராம், 7.4 மில்லிமீட்டர். நத்திங் 3ஏ 201 கிராம், 8.35 மில்லிமீட்டர். பேப்பர்ல இது ஒண்ணுமே இல்ல, ஒரு கையில பிடிச்சு பெருவிரலால மேல மூலையை தொட்டுப் பாத்தா தெரியும்.

டெமோ போன்ல பிரைட்னஸ் முழுசா ஏத்தி வச்சிருப்பாங்க, கலர் மோடும் நிறத்தை தூக்கிக் காட்டற விவிட்ல இருக்கும். ரெண்டையும் ஆட்டோ பிரைட்னஸ் ஆஃப் பண்ணி ஒரே அளவுக்கு கொண்டு வந்துட்டுப் பாருங்க. கேலரில இருக்கற போட்டோவை நம்பாதீங்க, நீங்களே எடுங்க, அதுவும் கவுன்டருக்கு அடியில நிழல் பக்கமா கையை ஆட்டிக்கிட்டே எடுங்க, அப்பதான் வெளிச்சம் குறைஞ்சா என்ன ஆகுதுன்னு தெரியும். கீபோர்டுல தமிழ் டைப் பண்ணிப் பாருங்க. ஸ்பீக்கரை காதுகிட்ட வச்சு முழு சத்தத்துல கேளுங்க, கரகரங்குதான்னு.

11. முடிவு எடுக்கறது

பேப்பர்ல இருக்கற மூணு தேவைக்கு மட்டும் எது ஜெயிக்குதுன்னு போடுங்க. பத்து விஷயத்துக்கும் மார்க் போட்டு கூட்டற முறை வேண்டாம், தேவையில்லாத விஷயத்துல வாங்கற மார்க் தேவையான விஷயத்துல இருக்கற குறையை மறைச்சுடும்.

என் கணிப்பைச் சொல்றேன். காலேஜ் போற பிள்ளை, கேம், போட்டோ, மூணு நாலு வருஷ உபயோகம், பக்கத்துலயே சர்வீஸ் சென்டர் இருக்கற ஊர்: நத்திங் 3ஏ, மிச்சப்படற காசுல 256 ஜிபி எடுங்க. வீட்ல பெரியவங்க, மழையில வெளில வேலை, முன் கேமரா வீடியோ, சின்ன ஊர், நீண்ட காலம் ஓடணும்: ஏ36. முதல் ரெண்டு தேவையில ஆளுக்கொண்ணா ஜெயிச்சு இழுபறின்னா சர்வீஸ் சென்டர் கிட்ட இருக்கறதை எடுத்துடுங்க.

12. வாங்கின முதல் வாரம்

சீல் பிரிக்கறதுல இருந்து நடுவுல நிறுத்தாம, பெட்டியை பிரிக்கறது முழுசையும் ஒரே வீடியோவா எடுங்க. *#06# போட்டா வர்ற ஐஎம்இஐ நம்பர் (ஒவ்வொரு போனுக்கும் தனியா இருக்கற அடையாள எண்), பெட்டியில இருக்கறது, பில்லுல இருக்கறது மூணும் ஒண்ணா இருக்கணும். அப்புறம் கே ஒய் எம்னு இங்கிலீஷ் எழுத்துல டைப் பண்ணி ஒரு இடம் விட்டு அந்த 15 இலக்க நம்பரை போட்டு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்க, இல்ல சஞ்சார் சாத்தி ஆப்ல போட்டுப் பாருங்க, அந்த ஐஎம்இஐ எந்த மாடலுக்கு உரியதுன்னு வந்துடும்.

அடுத்து ஸ்க்ரீன். சாம்சங்ல *#0*# போட்டா டெஸ்ட் மெனு வரும், சிவப்பு பச்சை நீலம் தொட்டு ஒவ்வொரு நிறமா முழு திரையில பாத்து புள்ளி ஏதாவது செத்திருக்கான்னு பாருங்க. நத்திங்ல ஒரே நிறமா இருக்கற படத்தை முழு திரையில வச்சு பாத்தா போதும். ரெண்டு சிம் ஸ்லாட்லயும் சிம் போட்டு கால் பேசுங்க, பேசும்போது காதுகிட்ட கொண்டுபோனா திரை அணையுதான்னு பாருங்க. டிஆர்எம் இன்ஃபோ ஆப்ல வைட்வைன் (ஓடிடி வீடியோவை காப்பி அடிக்காம காக்கற பூட்டு) எல்1-ன்னு வரணும், எல்3-ன்னு இருந்தா ஓடிடி ஆப்ல எச்டி கிடைக்காது.

இதையெல்லாம் முதல் ரெண்டு நாள்லயே முடிச்சுடுங்க. ரீப்ளேஸ்மென்ட்டுக்கு விற்கறவங்க கொடுக்கற நாள் கம்மி, அது தாண்டிட்டா புது போனையே ரிப்பேருக்குக் கொடுத்துட்டு காத்திருக்க வேண்டி வரும். பழைய போனை எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்காம வச்சிருந்தா இந்த டெஸ்ட் எல்லாம் முடியற வரைக்கும் அதை ரீசெட் பண்ணாதீங்க, வாட்ஸ்ஆப் பேக்கப்பும் பேங்க் ஆப் ரெஜிஸ்ட்ரேஷனும் புதுசுல சரியா வந்துடுச்சான்னு பாத்துட்டு அப்புறம் பண்ணுங்க.